அந்தரத்தில் நிற்கப் படித்தவர்கள்

நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வேட்டியைப் பிடிப்பதா, குடையைப் பிடிப்பதா என்று தீர்மானிப்பதற்குள் இரண்டும் போய்விடும். அந்தக் காற்றை நம்பித்தான் 1990களில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் காடுபோலப் பெருகின. திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றை எண்ணிப் பார்க்காத மாணவன் நம் கல்லூரியில் இருந்திருக்க முடியாது.

காற்றாலையின் இறக்கை காற்றிடமிருந்து சக்தியை வாங்குகிறது. அதையே திருப்பிப் போடுங்கள். எஞ்சினை வைத்து இறக்கையைச் சுற்றிக் காற்றைக் கீழே தள்ளினால், தள்ளுகிற இறக்கை மேலே எழும்பும். ஹெலிகாப்டர் என்பது இவ்வளவுதான். எழுதுவது சுலபம், அதை ஓரிடத்தில் நிறுத்திவைக்க மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பாட்டைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். வேணாட்டு மன்னர்களைப் பற்றியும் கல்வெட்டுகளைப் பற்றியும் எழுத நம்மிடம் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு எஞ்சினியர். எனக்குக் கொஞ்சம் தெரிந்த வரலாறு, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் பறக்கவிட்டு வரும் ரிமோட் கண்ட்ரோல் ஹெலிகாப்டரின் வரலாறு. 'விளையாட்டுச் சாமானுக்கு ஏது வரலாறு?' என்று கேட்காதீர்கள். பெரிய ஹெலிகாப்டருக்கே வழி காட்டியது ஒரு விளையாட்டுச் சாமான்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பறப்பது வேறு, நிற்பது வேறு

ஒரு முறை அறுவடை முடிந்த வயலில் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தபோது, வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்:

"பறக்கது பெரிய காரியமில்லடே, காக்காகூடத்தான் பறக்கு. இது ஒரே எடத்துல நிக்குமா?"

"நிக்கும் மாமா. நிக்க வைக்கதுக்குத்தான் இவ்வளவு பாடு."

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. நம் குளங்களில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குறி பார்த்து, கல் விழுந்த மாதிரி விழும். தேரூர்க் குளத்தில் எத்தனையோ பறவைகள் இருந்தாலும், அப்படி அந்தரத்தில் நிற்கிறவை ரொம்பக் குறைவு. விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் உள்ள வித்தியாசமும் அதுவே. விமானம் நின்றால் விழும். ஹெலிகாப்டரின் பெருமையே அது நிற்பதில்தான் இருக்கிறது.

நிற்பது ஏன் கஷ்டம்? ரிமோட்டில் இரண்டு குச்சிகள் உண்டு. பெரும்பாலோர் பிடிக்கும் முறையில், இடது குச்சியை மேலே தள்ளினால் ஹெலிகாப்டர் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். பக்கவாட்டில் அசைத்தால் மூக்கு திரும்பும். வலது குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹெலிகாப்டரும் சாய்ந்து நகரும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது அல்லவா? இனிமேல்தான் வில்லங்கம்.

ஏற வேண்டுமென்று இறக்கையின் கோணத்தைக் கூட்டினால், எஞ்சின் கூடுதலாக முறுக்கும். அதற்கு எதிர்வினையாக உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால் விசிறியைக் கூட்ட வேண்டும். வால் விசிறியைக் கூட்டினால் ஹெலிகாப்டர் முழுவதுமே பக்கவாட்டில் நகரும். நகராமலிருக்க எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்த்தால் தூக்கும் சக்தி குறைந்து கீழே இறங்கும். இறங்காமலிருக்கக் கோணத்தைக் கூட்ட வேண்டும். ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம்! ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிற கதை. ஒரு விநாடிக்குள் இத்தனையும் கை தானாகச் செய்ய வேண்டும். கரகாட்டக்காரர் தலையில் குடம் அசையாமல் இருப்பதற்குக் காரணம், அவர் உடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பது. இதுவும் அப்படித்தான்.

மாதிரி ஹெலிகாப்டரில் இன்னும் இரண்டு சங்கடங்கள். பெரிய ஹெலிகாப்டரில் ஓட்டுபவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அது சாய்வதை அவர் உடம்பு உணர்கிறது. நாமோ பத்து மீட்டர் தள்ளி நிற்கிறோம். கண் ஒன்றுதான் துணை. இரண்டாவது, உருவம் சின்னதாக ஆக, சாய்வதும் வேகமாகிவிடும். உள்ளங்கையில் ஒரு நீளக் கம்பை நிறுத்திப் பாருங்கள், கொஞ்ச நேரம் நிற்கும். பென்சிலை நிறுத்திப் பாருங்கள். அதனால்தான் பெரிய ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர் கையிலும் சின்ன ஹெலிகாப்டர் முதல் நாளே அடங்கிவிடாது.

கயிறு கட்டிப் பறந்தவர்கள்

இப்போது வரலாற்றுக்கு வருவோம். முதன்முதலில் ஹெலிகாப்டர் ஓட்டப் படித்தவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. இயந்திரத்தைச் செய்தவரே வாத்தியார், அவரே மாணவர்.

1939 செப்டம்பர் 14. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊர். ரஷ்யாவிலிருந்து குடியேறிய இகோர் சிகோர்ஸ்கி, தாம் செய்த வி.எஸ்.300 என்ற இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 50. இயந்திரத்தைக் கேபிள் போட்டுத் தரையோடு கட்டியிருந்தார்கள். கன்றுக்குட்டியை முளையில் கட்டுவதுபோல. தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது, சில விநாடிகள் நின்றது, இறங்கியது. அன்றைய பாடம் அவ்வளவுதான். கட்டை அவிழ்த்துவிட்டுச் சுதந்திரமாகப் பறந்தது 1940 மே 13ஆம் தேதி. எட்டு மாதம் கழித்து.

அந்த இயந்திரத்தில் ஒரு வேடிக்கை. 1940இல் அது மேலே போகும், கீழே வரும், பக்கவாட்டில் போகும், பின்னால்கூடப் போகும். முன்னால் போவதற்குத்தான் தகராறு செய்தது! சிகோர்ஸ்கி மனம் தளரவில்லை. வால் பக்கத்து விசிறிகளை மாற்றி மாற்றி அமைத்தார். 1941 மே 6ஆம் தேதி 1 மணி 32 நிமிடம் தொடர்ந்து அந்தரத்தில் இருந்து, ஜெர்மனியின் ஃபோக்கே-உல்ஃப் 61 வைத்திருந்த உலக சாதனையை முறியடித்தார். கவனியுங்கள், வேகத்துக்கோ தூரத்துக்கோ கிடைத்த சாதனை இல்லை இது. கீழே இறங்காமல் நின்றதற்குக் கிடைத்த சாதனை.

இரண்டாமவர் ஆர்தர் யங். 'பின்னால் சொல்கிறேன்' என்றேனே, அந்த விளையாட்டுச் சாமான்காரர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். 1928 வாக்கில் ஹெலிகாப்டர் ஆசை பிடித்து, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மாதிரி ஹெலிகாப்டர்களையே செய்துகொண்டிருந்தார். பெரிதாக ஒன்று செய்து உடைவதைவிட, சின்னதாக நூறு செய்து உடைவது மலிவு என்பது அவர் கணக்கு. மாதிரிக்குள் மின்மோட்டார், ஒயர் வழியாக மின்சாரமும் கட்டளையும் போகும். இன்றைய பாஷையில் சொன்னால், அது ஒயர் கட்டிய ரிமோட் ஹெலிகாப்டர்.

அவருடைய மாதிரிகளும் எழும்பியதும் ஆடி ஆடி விழுந்தன. கடைசியில் ரோட்டாருக்குக் குறுக்கே, இரு முனையிலும் எடை வைத்த ஒரு கம்பியைப் பொருத்தினார். சுழல்கிற பம்பரம் சாய மறுக்கிறது அல்லவா? அதே தத்துவம். உடல் சாய்ந்தாலும் கம்பி சாயாது. ரோட்டாரையும் தன்னோடு நேராகப் பிடித்து வைக்கும். 1941 செப்டம்பரில் அந்த மாதிரியை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு பஃபலோ நகரிலிருந்த பெல் விமானத் தொழிற்சாலைக்குப் போய், கட்டடத்துக்குள்ளேயே பறக்கவிட்டுக் காட்டினார். பொம்மை அசையாமல் நின்றது. பெல் கம்பெனி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்த 'பெல் 47', 1946 மார்ச் 8ஆம் தேதி, பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற உலகின் முதல் ஹெலிகாப்டர் ஆனது.

மூன்றாமவர் ஸ்டான்லி ஹில்லர். இப்போதைய மாணவர்கள் இவரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1944இல் கலிஃபோர்னியாவில், தாம் வடிவமைத்த ஹெலிகாப்டரில் தாமே ஏறிப் பறந்தபோது இவருக்கு வயது 19. இரண்டாம் வருஷ டிகிரி மாணவன் வயது! ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு ரோட்டார்கள் கொண்டது அது. ஒன்றின் முறுக்கலை மற்றொன்று சரிக்கட்டிவிடுவதால் வால் விசிறியே தேவையில்லை. பிற்பாடு அவர் கண்டுபிடித்தது, கம்பியின் முனையில் எடைக்குப் பதிலாகச் சிறு துடுப்புகள். ஓட்டுபவர் துடுப்பைத் திருப்புவார், துடுப்பு ரோட்டாரைத் திருப்பும். யங்கின் கம்பியும் ஹில்லரின் துடுப்பும் பிற்காலத்தில் மாதிரி ஹெலிகாப்டரின் உச்சியில் ஒன்றாகச் சேர்ந்தன. நாற்பது வருஷம் உலகம் முழுக்கப் புதிதாகப் படிக்க வந்தவர்களை ஓரளவு காப்பாற்றியது அந்தக் கூட்டணிதான்.

ரிமோட் கைக்கு வந்த கதை

கம்பியில்லாமல் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்கலாம் என்று 1898இலேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை வைத்துக் காட்டிவிட்டார். 1930களில் ரிமோட் விமானங்கள் பறந்தன. ஆனால் ரிமோட் ஹெலிகாப்டர் மட்டும் 1960களின் கடைசி வரை யாருக்கும் வசப்படவில்லை. எழும்பும், சுற்றும், நொறுங்கும்.

ஜெர்மனியைச் சேர்ந்த எஞ்சினியர் டீட்டர் ஷ்லூட்டர் அதை வசப்படுத்தினார். அவர் முன்னால் இருந்த சிக்கலை யோசித்துப் பாருங்கள். ஹெலிகாப்டர் விழுந்தால், கோளாறு இயந்திரத்திலா, தன் விரலிலா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. சரியான இயந்திரம் இருந்தால்தான் ஓட்டப் படிக்க முடியும்; ஓட்டத் தெரிந்தால்தான் இயந்திரத்தைச் சரிசெய்ய முடியும். இந்த முடிச்சை அவர் பொறுமையாக அவிழ்த்தார். 1970இல் அவருடைய மாதிரி ஹெலிகாப்டர் பத்து கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. அதன் பிறகு அவருடைய வடிவமைப்புகள் 'கிட்'டாகக் கடைக்கு வர, உலகெங்கும் ஆட்கள் வாங்கிப் பூட்டிப் பழகத் தொடங்கினார்கள்.

ஜப்பான்காரர்கள் இதை வயலில் இறக்கினார்கள். யமஹா கம்பெனி 1987இல் 'ஆர்-50' என்ற ஆளில்லாத ஹெலிகாப்டரை, நெல்வயலுக்கு மருந்தடிப்பதற்காகக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட 20 கிலோ சுமக்கும். கிராமத்தில் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, வயசானவர்கள் மட்டும் மிஞ்சிய வயல்களில் அது வேலை செய்தது. இன்று தமிழ்நாட்டு வயல்களில் டிரோன் மருந்தடிப்பதைப் பார்க்கிறோமே, அதற்கு மூத்த அண்ணன் அந்த ஜப்பான் ஹெலிகாப்டர்.

இதற்கிடையில் மின்னணுவியல் மெதுவாக உள்ளே புகுந்தது. முதலில் வந்தது வாலைப் பிடிக்கும் கைரோ. 1980களில் அதற்குள் நிஜமாகவே ஒரு சிறு சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். 1990களில் சக்கரம் போய், அதிரும் படிகம் வந்தது. 2010ஐ ஒட்டி, மூன்று அச்சுக்கும் கைரோ வைத்த ஒரு சிறு பெட்டி வந்து, யங் - ஹில்லர் கம்பியையே கழற்றி எறிந்துவிட்டது. பெட்ரோல் வாடை போய் லித்தியம் பேட்டரி வந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு அலைவரிசைப் படிகம் இருக்கும். ஒரே எண்ணுள்ள இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஸ்விட்சைப் போட்டால், பறந்துகொண்டிருப்பது கீழே. அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, யார் எந்த எண்ணில் பறக்கிறார் என்று கிளிப் குத்தி வைப்பார்கள். 2005ஐ ஒட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்ததும் அந்தப் பலகைக்கும் வேலை போயிற்று.

2006இல் ஹாங்காங்கின் சில்வர்லிட் கம்பெனி 'பிக்கூ இசட்' என்ற, உள்ளங்கையில் அடங்கும் ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தது. பிறகு சீனாவின் 'சைமா எஸ்107' வந்தது. ஹில்லரைப் போல மேலும் கீழும் இரண்டு ரோட்டார். கொஞ்ச காலத்தில் இந்த மாதிரி சாமான்கள் நம் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் தொங்கின. சின்னப் பையன்கூட முதல் நாளிலேயே வீட்டு நடையில் அந்தரத்தில் நிறுத்திவிடுவான். சிகோர்ஸ்கிக்கு எட்டு மாதம் பிடித்த பாடம்!

புதிதாகப் படிப்பவருக்கு

அப்படியானால் இனி படிக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. திருவிழாப் பொம்மையை வாசலுக்குக் கொண்டுவந்தால் நம் ஊர்க் காற்று அதைப் பக்கத்து வீட்டுத் தென்னைக்குக் கொண்டுபோய்விடும். வெளியில் பறக்க வேண்டுமானால், வால் விசிறியும் கோணம் மாறும் இறக்கையும் உள்ள ஹெலிகாப்டர்தான் வேண்டும். படிக்க விரும்பும் தம்பி தங்கைகளுக்காகச் சில வார்த்தை.

முதலில் சிமுலேட்டர். நிஜ ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் சொருகித் திரையில் பறக்கலாம். 1990களின் இறுதியிலிருந்து இவை கிடைக்கின்றன. அங்கே நூறு தடவை விழுந்தாலும் செலவில்லை. ஆர்தர் யங்கின் கணக்கேதான்.

அடுத்து, நிஜ ஹெலிகாப்டரின் காலடியில் இரண்டு குச்சியைப் பெருக்கல் குறிபோலக் கட்டி, நான்கு முனையிலும் பந்து செருகிக்கொள்ள வேண்டும். சாய்ந்து இறங்கினாலும் இறக்கை மண்ணில் இடிக்காது. சிகோர்ஸ்கியின் கேபிளுக்கு இது பேரன் முறை.

பிறகு வால் நம்மைப் பார்த்திருக்க, பின்னால் நின்றுகொண்டு அரையடி உயரத்தில் எழுப்பி இறக்குவது. அதன் பின் பக்கவாட்டில் நிறுத்துவது. கடைசியாக மூக்கு நம்மைப் பார்த்திருக்க நிறுத்துவது. இதுதான் பரீட்சை. அப்போது அதன் வலது நமக்கு இடது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அடுத்தவனுக்குச் சவரம் செய்கிற மாதிரி. இதை முறையாகத் தாண்டியவர்தான் படித்தவர்.

சாயங்காலக் கடற்காற்றில் வேண்டாம். விடியற்காலைதான் நம் பக்கத்துக்குச் சரியான நேரம். ஆடி மாதத்தைச் சிமுலேட்டருக்கு ஒதுக்கிவிடலாம்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரோட்டார் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றினால், இறக்கை நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அது அரிவாள். 2013இல் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில் பழக்கமுள்ள 19 வயது இளைஞர் ஒருவர் தம்முடைய ரிமோட் ஹெலிகாப்டரே தாக்கி இறந்தார். ஆட்கள் இருக்கும் இடத்தில் பறக்கவிடவே கூடாது. சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள், எடையையும் இடத்தையும் பொறுத்து எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று வகுத்திருக்கின்றன. நம் அக்கம்பக்கத்தில் கூடங்குளமும் மகேந்திரகிரியும் இருப்பதை மறக்க வேண்டாம். தேரூர், சுசீந்திரம் குளங்களின் பக்கமும் போக வேண்டாம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகளின் இடம் அது.

செவ்வாயில் ஒரு ஹெலிகாப்டர்

2021 ஏப்ரல் 19ஆம் தேதி, செவ்வாய்க் கிரகத்தில் 'இன்ஜெனுயிட்டி' என்ற சிறு ஹெலிகாப்டர் மூன்று மீட்டர் எழும்பி, அந்தரத்தில் நின்று, இறங்கியது. மொத்தம் 39 விநாடி. பூமியைத் தவிர வேறொரு கிரகத்தில் எஞ்சின் வைத்த ஒரு பொருள் பறந்தது அதுவே முதல் தடவை. எடை 1.8 கிலோ, ரோட்டார் 1.2 மீட்டர். நம் மைதானத்தில் ஒரு சராசரி மாதிரி ஹெலிகாப்டரின் அளவுதான்! அமைப்போ, திருவிழாப் பொம்மையில் உள்ள அதே இரட்டை ரோட்டார்.

அதன் தலைமை எஞ்சினியர் பாப் பாலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1990களிலேயே அவர் மனதில் விழுந்த யோசனை இது. செவ்வாயின் காற்று, நம் காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அதனால் இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று சுற்ற வேண்டியிருந்தது. ஆரம்ப காலத்தில் காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய கூடத்துக்குள் ஒரு சிறு மாதிரியை மனிதர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஓட்டிப் பார்த்தபோது, அது கைக்கு அடங்கவில்லை. அந்த மெல்லிய காற்றில் அது சாய்கிற விதமே வேறு. விரல் பழகிய பாடம் அங்கே செல்லாது. போதாக்குறைக்கு, பூமியிலிருந்து ஒரு கட்டளை செவ்வாய்க்குப் போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும். ஆகவே நிற்கிற வேலையை முழுக்கக் கம்ப்யூட்டரிடமே கொடுத்தார்கள். ஐந்து தடவை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 2024 ஜனவரி 18 வரை 72 தடவை பறந்தது.

கையா, கம்ப்யூட்டரா?

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். இன்றைய டிரோன் தானே நிற்கிறது. கைரோ சாயாமல் பார்த்துக்கொள்கிறது, ஜி.பி.எஸ். நகராமல் பார்த்துக்கொள்கிறது. கையை எடுத்துவிட்டால்கூட அப்படியே நிற்கும். பிறகு எதற்கு மாதக்கணக்கில் விரலைப் பழக்க வேண்டும்?

சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம் இருக்கிறது, அப்துல் கலாம் படித்த இடம். அங்கே டாக்டர் கே. செந்தில்குமார் வழிகாட்டுதலில் இயங்கிய 'தக்ஷா' என்ற மாணவர் குழு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. எட்டாத இடத்திலிருக்கும் ஒருவருக்கு மருத்துவ உதவி போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அந்தப் போட்டியின் நோக்கம். விமானம் தானாகவே பறக்க வேண்டும். அப்படிப்பட்ட குழு, தனக்கு ஹெலிகாப்டர் சோதனை ஓட்டுநராகவும் ஆலோசகராகவும் யாரை வைத்துக்கொண்டது தெரியுமா? நடிகர் அஜித்குமாரை! பட விளம்பரத்துக்காக அல்ல. ரிமோட் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் ஓட்டுவதில் அவர் பல வருஷம் கை பழகியவர்.

தானாகப் பறக்கும் இயந்திரத்துக்கு ஓட்டத் தெரிந்த ஆள் எதற்கு? சோதனையில்தான் எதுவும் தப்பும். அப்போது ஸ்விட்சைத் தட்டி, 'இனி என் கையில் வா' என்று வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஜி.பி.எஸ். சிக்னல் மறைந்தால் டிரோன் காற்றோடு போகும். அந்த நிமிடத்தில் கையில் வித்தை இருக்கிறவனுக்கு அது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை. பட்டனை மட்டும் அழுத்தத் தெரிந்தவனுக்கு அதோடு கதை முடிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தானாக நிற்கும் மென்பொருளை எழுதுகிறவனுக்கு, நிற்பது என்றால் என்ன என்று முதலில் விரலில் தெரிந்திருந்தால் நல்லது. யங்குக்கும் ஷ்லூட்டருக்கும் அது விரலில் தெரிந்திருந்தது.

நம் கடலுக்கு என்ன சம்பந்தம்?

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். நம் மாவட்டத்தில் அந்த நாளை மறந்தவர் யாரும் இல்லை. மலையோரத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. கடலோரத்திலோ, ஆழ்கடலுக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை. தூத்தூர் வட்டாரத்துக் கடற்கரை ஊர்கள் இரவும் பகலும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தன. கடற்படையும் கடலோரக் காவல் படையும் கப்பலிலும் விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் தேடின. 'இன்னும் தூரம் போய்த் தேடுங்கள், எங்கள் ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்' என்பது மக்களின் கதறல். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

அந்தத் துயரத்தை ஒரு மாதிரி ஹெலிகாப்டர் தீர்த்திருக்கும் என்று எழுதினால் அது அபத்தம். பேட்டரி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கடலோ நூற்றுக்கணக்கான மைல். நான் சொல்ல வருவது வேறு. கடலில் ஒருவரைக் கண்டுபிடித்த பிறகு நடப்பதை யோசியுங்கள். அலை ஏறி இறங்கும், காற்று தள்ளும். மேலே ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கயிறு இறங்க வேண்டும், ஆள் பிடிக்க வேண்டும், மேலே ஏற வேண்டும். 2018 ஆகஸ்ட் 17ஆம் தேதி, கேரள வெள்ளத்தில் ஆலுவா பக்கம் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைக் கடற்படை ஹெலிகாப்டர் வீட்டு மேலிருந்து தூக்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதை ஓட்டியவர் கமாண்டர் விஜய் வர்மா. சுற்றிலும் மரங்களும் கட்டடங்களும். இடையில் ஹெலிகாப்டர் அசையாமல் நின்றது. அன்றைக்கே கொச்சியில் கடற்படை ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் கொடுத்தது வேகம் அல்ல, அந்த நிலை.

கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் தமிழ்நாட்டிலேயே, அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில்தான் இருக்கிறது. அங்கே நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இன்னும் அதிகம் பேர் போக வேண்டும் என்பது என் ஆசை. கடலோரத்துப் பையனுக்குக் கட்டுமரத்தில் நின்று பழக்கம். அலை தூக்கும்போது முழங்காலை மடக்கி, கவிழாமல் நிற்கும் வித்தை அவன் ரத்தத்தில் இருக்கிறது. அவனைவிட நல்ல ஹெலிகாப்டர் மாணவன் எங்கே கிடைப்பான்? 'இவன் என்ன படிச்சு என்ன ஆவப் போறான்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பேரைக் கரையிலேயே நிறுத்திவிட்டோம்!

ஆகவே முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் நாம் பணம் திரட்டியிருக்கிறோம், நல்லதுதான். இந்த வருஷம் சின்னதாக ஒன்று செய்யலாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு சிமுலேட்டர், 250 கிராமுக்குள் எடையுள்ள இரண்டு சிறு ஹெலிகாப்டர், உதிரிப்பாகம் ஒரு பெட்டி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கல்லூரி நிர்வாகத்தின் அனுமதியோடு, விதிகளைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் எட்டு வரை மைதானத்தின் ஒரு மூலை. என்னிடம் உள்ள பழைய ரிமோட் இரண்டைக் கொடுத்துவிடுகிறேன். மாதம் இரண்டு ஞாயிறு நான் வந்து நிற்கிறேன். இயற்பியல் படித்த நண்பர்கள் ஏன் வால் திரும்புகிறது என்று விளக்கட்டும். மெக்கானிக்கல் நண்பர்கள் உடைந்ததைப் பூட்டக் கற்றுக் கொடுக்கட்டும்.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! முதல் மாதம் உங்களுக்கு ஒன்றும் வராது. இரண்டாம் மாதம் அரையடி உயரத்தில் ஐந்து விநாடி நிற்கும். பக்கத்தில் யாராவது, 'இவ்வளவுதானா மக்கா?' என்று கேட்பார்கள். ஆமாம், இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். சிகோர்ஸ்கியின் முதல் நாளும் அவ்வளவுதான். சேர விருப்பமுள்ளவர்கள் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம்.